சிவப்பு நூல் வளையலும் பச்சையம்மாவின் ஆயில் சீலும்

பூமி தன் அச்சில் சுற்றுகிறது என்று பாடப்புத்தகத்தில் போட்டிருக்கிறார்கள். இத்தனை கோடி வருஷமாக ஒரு சொட்டு எண்ணெய்கூட ஒழுகாமல் எப்படிச் சுற்றுகிறது என்று மட்டும் போடவில்லை. அந்த அச்சுக்கு ஆயில் சீல் தேடிப்பிடித்து மாட்டியது பருத்திப்பட்டு சுலோசனாதான். சூரியனுக்கும் ஏதோ உதிரிபாகம் தேவைப்பட்டு ஆள் அனுப்பியதாகவும், “மழைக்காலம் முடியட்டும், இப்ப கை ஒழியாது” என்று அவள் திருப்பி அனுப்பிவிட்டதாகவும் கேள்வி.

மழைக்காலத்தில் அவளுக்குக் கை ஒழியாது என்பது மட்டும் சத்தியமான உண்மை. அவளிடம் இருப்பது பழைய ராணுவ டீசல் லாரி ஒன்று. மிலிட்டரி வேலையெல்லாம் முடிந்து ஏலத்துக்கு வந்ததை, கல்யாணமான மறுவருஷம் அவள் புருஷன் சம்பத் எடுத்தார். பின்னால் இரும்புக் கம்பம் நட்டு, கம்பிவடத்தைச் சுற்றி இழுக்கும் வின்ச்சு வைத்து, கவிழ்ந்த வண்டிகளைத் தூக்கும் கிரேனாக மாற்றினார். பச்சை நிறத்தை மாற்ற மனசு வரவில்லை. அதனால் லாரிக்குப் பெயர் பச்சையம்மா. நாலு சக்கரமும் இழுக்கும். ஆள் உயரச் சக்கரம். ஏரி நிரம்பித் தெருவுக்குள் வரும் நாட்களில் பருத்திப்பட்டில் மிதக்காமல் நகரக்கூடிய ஒரே பொருள் அதுதான்.

சம்பத்துக்குச் சிறுநீரகம் ஓய்ந்த பிறகு ஸ்டியரிங் சுலோசனா கைக்கு வந்தது. ஸ்டியரிங்கைவிடக் கஷ்டமான உதிரிபாகம் தேடும் வேலை, லாரி வந்த நாளிலிருந்தே அவள் தலையில்தான். இந்த லாரியை இப்போது எங்கேயும் செய்வதில்லை. உதிரிபாகப் புத்தகம் என்று வைத்திருந்த ஒன்றும் வெள்ளத்தில் ஊறிக் கூழாகிவிட்டது. கடையில் போய் நம்பர் சொன்னால் கடைக்காரர் சிரிப்பார். அதனால் அந்த நாளிலேயே சுலோசனா வளையல் வைத்து அளக்கத் தொடங்கினாள்.

ஷெட் சுவரில் ஒரு ஆணி. அதில் ஒரு கம்பி வளையம். அதில் பதினோரு வளையல்கள். சில பித்தளை, சில எவர்சில்வர். ஒவ்வொன்றும் லாரியின் ஏதோ ஒரு தண்டுக்கு அளவு. தண்டில் மாட்டினால் மோதிரம் மாதிரி உட்காரும்வரை அரத்தால் உட்புறம் தேய்த்து வைத்திருப்பாள். எது எதற்கென்று தெரிய ஒவ்வொன்றிலும் ஒரு நிறத்தில் நூல் சுற்றியிருக்கும். ஆயில் சீல் என்பது தண்டைச் சுற்றி உட்கார்ந்து எண்ணெயை ஒழுகவிடாத ரப்பர் வளையம்; கடையில் அதன்மேல் வளையலை வைத்துப் பார்ப்பாள். ரப்பர் உதடு வளையலுக்குள் நூலிழை அளவு, சுற்றிலும் ஒரே சீராக எட்டிப் பார்த்தால் சீல் சரி. நீல நூல் முன் சக்கரத்துக்கு. சிவப்பு நூல் டிரான்ஸ்பர் கேஸுக்கு, அதாவது என்ஜினின் இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்கிற பெட்டிக்கு. இருப்பதிலேயே பழசு அந்தச் சிவப்புதான். நீலம் போலவே அதுவும் பித்தளை. நூலுக்கு அடியில் ஆணியால் கீறிய படம்கூட ஒன்று உண்டு, ரேடியேட்டர் ஃபேன் மாதிரி, நாலு இறக்கை.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு சுலோசனா பச்சையம்மாவைக் கிளப்பிச் சூடேற்றினாள். ஐந்து நாளாக விடாத மழை. தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். ஷெட் மட்டும் மேட்டில் இருந்ததால் தப்பித்திருந்தது. சாயந்திரம் நாலு மணிக்கு சம்பத்துக்கு டயாலிசிஸ். வாரத்துக்கு மூன்று தடவை போக வேண்டியவர், மரம் விழுந்து ரோடு அடைத்ததில் சனிக்கிழமையைத் தவறவிட்டிருந்தார். கால் இரண்டும் பலாப்பழம் மாதிரி வீங்கிக் கிடந்தன. படுத்தால் மூச்சு முட்டியது. ராத்திரி முழுக்கத் தலையணையை அடுக்கிச் சாய்ந்தே இருந்தார். “இன்னைக்கு விட்றாதீங்க, விட்டா எங்க கையில இல்ல” என்று ஆஸ்பத்திரி நர்ஸ் போனில் சொல்லியிருந்தாள். ஆம்புலன்ஸ்காரர் மெயின் ரோடு வரைதான் வருவேன் என்றார். படகு கேட்டதற்கு, வரிசையில் இருக்கிறீர்கள் என்று பதில்.

லாரி இருக்கும்போது படகு எதற்கு என்று அவள் நினைத்திருந்தாள். கீழே குனிந்து பார்த்தாள். டிரான்ஸ்பர் கேஸுக்கு அடியில் கறுப்பு ரசம் கொட்டினது போல ஒரு குட்டை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே சொட்டு சொட்டாக அது பெரிதாகியது.

“இன்னா சுலோ, சத்தத்தையே காணோம்?” வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த சம்பத் கேட்டார்.

“ஒண்ணுமில்ல. சீலு போயிடுச்சு.”

“ஒண்ணுமில்லன்ற, சீலு போச்சுன்ற. எந்த சீலு?”

“டிரான்ஸ்பர் கேஸு.”

சம்பத் வீங்கிய காலை மெல்ல நகர்த்தி வைத்தார். பிறகு, “ஆயில ரொப்பிக்கினு ஓட்டிடு. மெயின் ரோடு ஒன்றரை கிலோமீட்டர்தானே” என்றார்.

“தண்ணிக்குள்ள ஓட்டணும்யா. ஆயிலு வெளிய வர்ற வழியில தண்ணி உள்ள போவும். பல்லு மொத்தமும் கட்டிக்கும். நடுத்தண்ணில நின்னுச்சுன்னா உன்ன முதுகுல தூக்கிக்கினு போவட்டுமா?”

“தூக்குவியா?”

“மூஞ்சப் பாரு. உயிரோட இருக்கிறப்பவே தொண்ணூறு கிலோ.”

பேசிக்கொண்டே அவள் அடியில் நுழைந்தாள். ஜாயிண்ட்டைக் கழற்றி, பிளாஞ்சை இழுத்து வெளியே எடுக்க ஒரு மணி நேரம் ஆனது. உள்ளே சீல் என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. நாய் கடித்த செருப்பு மாதிரி ரப்பர்த் துணுக்குகள். நம்பர் இருந்த இடமே இல்லை. ஏரியில் உபரி நீர் வழியும் கலங்கலைத் தாண்டித் தண்ணீர் போக ஆரம்பித்துவிட்டது, மதியத்துக்குள் இன்னும் இரண்டடி ஏறும் என்று போனில் செய்தி வந்துகொண்டே இருந்தது. அவள் தண்டை அளக்கவில்லை. அளப்பதற்குத்தானே வளையல்? கம்பியிலிருந்து சிவப்பு நூல் வளையலை உருவி, கையில் மாட்டிக்கொண்டு, புடவையைத் தூக்கிச் செருகித் தண்ணீரில் இறங்கினாள்.

மெயின் ரோட்டில் ஒரு பால் வேன் அவளைக் குமணன்சாவடியில் இறக்கிவிட்டது. அப்துல் ரசாக்கின் ஸ்பேர்ஸ் கடையில் பாதி ஷட்டர்தான் திறந்திருந்தது. பழைய லாரிகளின் சாமான் அவரிடம் இல்லாவிட்டால் பூந்தமல்லி வட்டாரத்தில் வேறு எங்கேயும் இல்லை என்று அர்த்தம்.

“வாம்மா சுலோசனா. வளையல் கடை பக்கத்துத் தெருவுல கீது” என்றார் ரசாக், வழக்கம் போல.

“பாய், இன்னைக்கு வெளையாட்டு வேணாம். டிரான்ஸ்பர் கேஸு சீலு. நாலு மணிக்கு அவர கொண்டும்போவணும்.”

ரசாக்கின் முகத்திலிருந்து சிரிப்பு இறங்கியது. உள்ளே போனார். ஒரு டப்பா கொண்டுவந்தார். வளையலை வைத்துப் பார்த்தாள். உதடு எட்டவே இல்லை. இன்னொன்று. ஒரு பக்கம் எட்டியது, மறுபக்கம் காணோம். மூன்றாவது, நாலாவது. பத்து மணி ஆனது. ரசாக் மாடிக்கு ஏறி ஒரு கோணிப்பையையே உருட்டிவிட்டார். அதற்குள் மெழுகுத்தாளில் சுற்றிய பொட்டலங்கள். மிலிட்டரி ஏலத்தில் வந்து பிரிக்கப்படாமலே கிடந்தவை. ஏழாவது பொட்டலத்தைப் பிரித்து அவள் வளையலை வைத்தாள்.

சுற்றிலும் நூலிழை. ஒரே சீராக.

“அல்லா காப்பாத்திட்டாரு” என்று ரசாக் உட்கார்ந்தார். உடனே அவருக்கு ஒரு சந்தேகம். “ஆமா, தண்ட அளந்துகினுதானே வந்த? டிரான்ஸ்பர் கேஸுக்கு இது கொஞ்சம் பெருசா தெரியுதேம்மா.”

“என் வளையலு பொய் சொல்லாது பாய்.”

“உன் வளையலு சொல்லாது. சரி, ஓடு.”

திரும்பி வரும்போது தெருமுனையில் தண்ணீர் இடுப்புக்கு ஏறியிருந்தது. பொட்டலத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி நடந்தாள். ஒரு இடத்தில் கால் வழுக்கி முகம் வரை போய்வந்தாள்; பொட்டலம் மட்டும் நனையவில்லை. ஷெட்டுக்கு வந்தபோது பதினொன்றே முக்கால். சம்பத்தின் மூச்சுச் சத்தம் வாசலிலேயே கேட்டது.

“கெடச்சுதா?”

“கெடைக்காம?”

அடியில் நுழைந்து சீலைப் பெட்டியின் வாயில் வைத்தாள். போகவில்லை. துடைத்துவிட்டு வைத்தாள். போகவில்லை. சின்னக் கிண்ணத்துக்குள் பெரிய தட்டை வைத்தது மாதிரி சீல் விளிம்பில் உட்கார்ந்து அவளைப் பார்த்தது. தண்டைச் சுற்றி அதன் உதடு தொளதொளவென்று தொங்கியது.

அவள் கையிலிருந்த சிவப்பு நூல் வளையலைக் கழற்றித் தண்டில் மாட்டினாள். மோதிரம் மாதிரி உட்கார வேண்டியது, கிழவி கை வளையல் மாதிரி ஆடியது.

ஈரத் தரையில் படுத்தபடி சுலோசனா கொஞ்ச நேரம் அசையவே இல்லை. லாரிக்குக் கீழே இருந்துகொண்டு ஒரு ஆள் அழுதால் வெளியே இருப்பவருக்குத் தெரியாது. அவள் அழுதாள் என்று சொல்லவில்லை. தெரியாது என்று மட்டும்தான் சொல்ல வந்தது.

பிறகு வெளியே வந்து ஆணியிலிருந்து மொத்த வளையல்களையும் அள்ளிக்கொண்டு போய் ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தாள். நீல நூல் வளையல் கச்சிதமாக உட்கார்ந்தது.

“நூலு மாறிக் கீதுயா” என்றாள் அடியிலிருந்தே. “சிவப்புல நீலம் கீது. நீலத்துல சிவப்பு கீது. நான் வாங்கிகினு வந்தது முன் சக்கரத்து சீலு.”

“மாத்திக் கட்டிட்டியா?”

“நான் எப்ப கட்டினேன்? இருவத்தேழு வருஷமா அது அப்படியேதானே கீது?”

“உனக்கே ஞாபகம் இல்லாம இருக்கும் சுலோ.” சம்பத் குத்திக்காட்டச் சொல்லவில்லை. மூச்சு வாங்கியதால் குரல் மெலிந்து, பரிதாபமாக வந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் வலித்தது. தன் கையை ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொண்டாள். இந்தக் கையா மாற்றிக் கட்டியது?

நூல் எப்படி மாறியது என்பது இன்றுவரை யாருக்கும் விளங்காத விஷயம். ஷெட்டில் எலி அதிகம். ஞாயிற்றுக்கிழமை மழைக்கு ஒதுங்கி நாலைந்து பையன்கள் அங்கே கேரம் ஆடினார்கள் என்பதும் உண்மைதான். ஆனால் அவர்கள் எல்லாரும் நல்ல பிள்ளைகள்.

ரசாக்குக்குப் போன் போட்டாள். நீல வளையல் அளவில் காலையில் பார்த்த எதுவும் சேராது என்று அவருக்கே தெரிந்திருந்தது. “அம்பத்தூர்ல ஒரு யார்டு கீதும்மா. அங்க பழைய வண்டி ஒண்ணு பிரிச்சிகினு கீறாங்க. ஆனா போய்ட்டு வர்றதுக்குள்ள...” என்று இழுத்தார். இழுத்ததை அவர் முடிக்கவில்லை. மணி பன்னிரண்டரை. சுவரில் கரிக்கட்டையால் அவள் போட்டு வைத்திருந்த கோட்டைத் தாண்டித் தண்ணீர் ஷெட்டுக்குள் நாக்கை நீட்டியது.

“சுலோ” என்றார் சம்பத்.

“இரு.”

“இல்ல, கேளு. வின்ச்சு.”

“வின்ச்சுக்கு இன்னா?”

“வின்ச்சு பெட்டிக்கு தண்டு கடையறப்ப...” அவருக்கு மூச்சு நின்று வந்தது. “அப்ப என்கிட்ட ஒரு சீலு சும்மா கெடந்துச்சு. வண்டியோட வந்த ஸ்பேரு. அத வீணாக்க வேணாம்னு அந்த அளவுக்கே தண்ட கடைஞ்சேன். பெட்டி வாயையும் அதுக்கே போட்டேன். அது டிரான்ஸ்பர் கேஸு சீலு.”

சுலோசனா நீல நூல் வளையலை எடுத்துக்கொண்டு லாரியின் பின்பக்கம் ஏறினாள். வின்ச்சின் மூடியைத் திறந்து தண்டில் மாட்டினாள். மோதிரம்.

“கீதுய்யா!”

“ஆனா கழட்டினா கிரேனு நின்னுடும். மழைக்காலத்துல வின்ச்சு இல்லன்னா பொழப்பு போச்சு.”

“பொழப்பு எவனுக்குய்யா? நீ இருந்தாதானே சாப்பிடறதுக்கு ஆளு.”

ஆயில் சீலைக் கழற்றுவது சுலபம். கிழியாமல் கழற்றுவதுதான் இல்லை. உளி வைத்து நெம்பி, கிழித்து எறிந்துவிட்டுப் புதுசு போடுவதுதான் பட்டறை வழக்கம். இங்கே எறிவதற்கும் போடுவதற்கும் இருந்தது ஒரே ஒரு சீல். உலகத்திலேயே ஒன்று என்று வைத்துக்கொண்டாலும் அந்த மத்தியானத்துக்கு அது பொய்யில்லை.

அவள் வெந்நீர் வைத்தாள். துணியை முக்கி சீலின்மேல் போட்டு ஒற்றினாள். தேங்காய் எண்ணெயை விளிம்பில் சுற்றிலும் விட்டாள். ஸ்குரூடிரைவரைத் தொடவில்லை. சமையல் அறையிலிருந்து இரண்டு எவர்சில்வர் ஸ்பூன் எடுத்துவந்து, காம்புகளை எதிரும் புதிருமாக விளிம்பில் செருகினாள். சம்பத் சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்துவந்து, சக்கரத்தில் சாய்ந்துகொண்டு டார்ச் அடித்தார். வெளிச்சம் நடுங்கியது.

“ஆட்டாதய்யா.”

“நான் ஆட்டல. கைதான் ஆடுது.”

இந்தப் பக்கம் ஒரு மயிரிழை. அந்தப் பக்கம் ஒரு மயிரிழை. மறுபடியும் வெந்நீர். ரப்பர் ஒருமுறை ‘கிர்’ என்றது. இருவரும் மூச்சைப் பிடித்தார்கள். சம்பத்திடம் பிடிப்பதற்கு மூச்சே அதிகம் இல்லை. கிழியவில்லை. ஒன்றே காலுக்கு சீல் அவள் உள்ளங்கையில் வந்து விழுந்தது. எண்ணெயில் ஊறியே கிடந்ததால் மெத்தென்று இருந்தது. உதட்டைச் சுற்றி விரலால் தடவினாள், குழந்தையின் ஈறில் பல் தேடுவது மாதிரி. ஒரு வெட்டு இல்லை.

பெட்டியின் வாயில் வைத்தாள். மரக்கட்டையை மேலே கொடுத்து மெல்லத் தட்டினாள். உட்கார்ந்தது. பிளாஞ்சு, ஜாயிண்ட், நட்டு, ஆயில். அவள் அடியில் படுத்திருந்தபோதே தண்ணீர் முதுகைத் தொட்டுவிட்டது. நட்டு ஒன்று தண்ணீருக்குள் விழுந்து, தடவித் தடவி எடுக்கப் பத்து நிமிஷம் போனது. இரண்டரைக்கு சம்பத்தை ஸ்டூலில் ஏற்றி, அங்கிருந்து படியில் ஏற்றி, சீட்டில் சாய்த்து, புடவையால் கட்டினாள்.

பச்சையம்மா தெருவில் இறங்கியது. வெளியே தண்ணீர் ஹெட்லைட்டைத் தொட்டது. சம்பத்தின் உதடு நீலம் பாய்ந்திருந்தது. சுலோசனா அவரைப் பார்க்கவில்லை. பார்த்தால் ஆக்ஸிலேட்டரை மிதித்துவிடுவாள், மிதித்தால் அலை எழும்பி என்ஜினுக்குள் போகும். முதல் கியரில், ஒரே சீராக, காதை மட்டும் காலுக்கடியில் வைத்துக்கொண்டு ஓட்டினாள். டிரான்ஸ்பர் கேஸ் வறண்டால் முதலில் விசில் சத்தம் வரும். பள்ளிக்கூட மதில், தண்ணி டேங்க், மாவு மில். விசில் வரவில்லை. மாவு மில் தாண்டி ஏரித் தண்ணீர் ரோட்டின் குறுக்கே ஓடிய இடத்தில் லாரி ஒருமுறை பக்கவாட்டில் நழுவியது. முன் சக்கரங்கள் எதையோ பிடித்துக்கொண்டன. இழுத்தன. மேட்டில் ஏறியது.

மெயின் ரோட்டின் காய்ந்த இடத்தில் வண்டியை நிறுத்தினாள். இறங்கி மண்டியிட்டு, அடியில் கைவிட்டுப் பெட்டியின் வாயைத் தடவி, விரலை வெளிச்சத்தில் பார்த்தாள். தண்ணீர். வெறும் தண்ணீர்.

அங்கிருந்து ஆம்புலன்ஸில் ஏற்றி, நாலே காலுக்கு ஆஸ்பத்திரியில் சம்பத்தை மெஷினில் போட்டார்கள். எட்டு மணிக்கு அவர் கண் திறந்து கேட்ட முதல் கேள்வி, “ஒழுகுதா?”

அதற்குப் பிறகு தண்ணீர் வடிந்தது. ரசாக் எங்கேயோ அலைந்து வின்ச்சுக்கு ஒரு சீல் தேடிக் கொடுத்தார். எல்லாம் சரியாகத்தான் போனது, ஒன்றைத் தவிர. சுலோசனா வளையல்களைத் தொடுவதை விட்டுவிட்டாள். கம்பியோடு எடுத்து டிரங்குப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினாள். யாராவது ஏதாவது அளவு கேட்டால், “எனக்கு ஞாபகம் நிக்கறதில்ல, பாய் கிட்ட கேளு” என்று சொல்ல ஆரம்பித்தாள். பூமியின் அச்சுக்கே சீல் மாட்டியவள் அப்படிச் சொல்லலாமா? சொல்லக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுத வேண்டியதாயிற்று.

எழுதியதை முதலில் தன் காதில் போட்டுவிட்டுத்தான் வெளியே விட வேண்டும் என்பது சுலோசனாவின் கட்டளை. அதனால் ஷெட்டில், பச்சையம்மாவின் படியில் உட்கார்ந்து இதை எழுதியவன் முழுவதும் படித்துக்காட்டினான். பூமி அச்சுக்கு சம்பத் குலுங்கிச் சிரித்தார். சூரியனுக்குச் சிரித்து இருமினார். சுலோசனா கிரீஸ் கையோடு நின்று கேட்டாள். முடிந்ததும் கையைத் துடைத்தாள்.

“நல்லாதான் கீது. அந்த வளையலு வர்ற எடத்த திருப்பி படி.”

“எந்த எடம் அத்தை?”

“சிவப்பு நூலு.”

அவன் படித்தான். நூலுக்கு அடியில் ஆணியால் கீறிய படம்கூட ஒன்று உண்டு, ரேடியேட்டர் ஃபேன் மாதிரி, நாலு இறக்கை.

“அது ஃபேன் இல்லடா கிரண். பூவு. கல்யாணமான புதுசுல உங்க மாமா அந்த வளையல்ல கீறிக் குடுத்தது. நாலு பேர் பாத்தா சிரிப்பாங்கன்னுதான் அது மேலயே நூல சுத்தினேன்.”

“பூவா? தாமரை கீறினேன் நான்” என்றார் சம்பத்.

“நீ சும்மா இருய்யா.” அவள் படியில், அவனுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். குரல் உயரவே இல்லை. “நூல அவுக்காம அத யாரும் பாத்திருக்க முடியாது. நானே இருவத்தேழு வருஷமா பாத்ததில்ல. நீ எறக்கைய எண்ணியே வச்சிருக்க. எந்தக் கெழம எண்ணின கண்ணு? ஞாயித்துக்கெழமதானே?”